சித்திரத்துக்கு எந்த ஜன்னலில் மனு?

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. பட்டாவா, சான்றிதழா, எதற்கும் மனுக் கொடுக்க அங்கே வழி உண்டு. ஆனால் அவ்வூர்ப் பிள்ளை ஒருவன் தீட்டிய சித்திரம் வெனிஸ் நகரத்து உலகக் கண்காட்சிக்குப் போக வேண்டுமானால் எந்த ஜன்னலில் மனுக் கொடுப்பது?

அப்படி ஒரு ஜன்னலே கிடையாது! 1895-ல் ஆரம்பித்த அந்தக் கண்காட்சியின் பிரதான பகுதிக்கு ஓவியர்களைப் பொறுக்குபவர் 'க்யூரேட்டர்' என்ற தேர்வாளர். அவர் கண்ணில் பட வேண்டும். 1968 வரை அங்கே விற்பனை ஆபீஸ்கூட இருந்தது. அவ்வருஷத்து மாணவர் கிளர்ச்சிக்குப் பின் எடுத்துவிட்டார்கள். இப்போது விலைச்சீட்டு இல்லை. ஆனாலும் அங்கே இடம் பெற்றவருக்கு வெளியே மதிப்பு ஏறிவிடுகிறது. பெரிய சபாவில் பாடிய வித்வானுக்கு ஊரெங்கும் சன்மானம் உயர்கிறதல்லவா, அதுபோல!

சரி, தேர்வாளர் கண் திறக்கும்வரை வயிறு காத்திருக்குமா?

இதற்குச் சென்னையில் ஒரு விடை பிறந்தது. ஓவியக் கல்லூரி முதல்வர் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 'பாத்திக்' துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கம் கடலோரம் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார்கள். துணி சோறு போட்டது. சித்திரம் யார் தயவையும் நாடாமல் வளர்ந்தது.

கண்காட்சியையே ஓவியர்கள் உண்டாக்கிய கதையும் உண்டு. 2012-ல் கொச்சி–முஸிரிஸ் பியனாலேயைத் தொடங்கிய போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு இருவரும் ஓவியர்களே. பழைய வியாபாரக் கட்டடங்களைக் காட்சிசாலைகளாக்கி, உலகத்தையே கொச்சிக்கு வரவழைத்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை சதா படம் போட்டுக்கொண்டிருக்கிறானா? கோபிக்காதீர்கள். பிழைக்க ஒரு கைத்தொழிலும் பழக்குங்கள்; அடுத்த பியனாலேயின்போது கொச்சிக்கு ரயிலேற்றிக் கூட்டிப் போங்கள்.