தேரடியில் ஒரு கலை மாலை

பழைய தமிழ் ஊர்களில் ஊரின் நடு எது என்று வரைபடம் பார்த்துத் தேட வேண்டியதில்லை. தேர் நிற்கும் இடம்தான் நடு. அதைச் சுற்றிய வீதிகளில் பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, நாட்டு மருந்துக்கடை, நடைபாதையில் பூக்காரர்கள். ஊருக்கு ஒரு கலை மாலை வேண்டும் என்று நினைப்பவர்கள் குளிரூட்டிய மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த வீதியை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. மண்டபத்துக்கு வருபவர்கள் அழைப்பிதழ் கிடைத்தவர்கள். வீதிக்கு வருபவர்களில் பாதிப்பேர் வெங்காயம் வாங்க வந்தவர்கள். நமக்கு அவர்கள்தான் வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. மயிலாப்பூரில் ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ ஆசிரியர் வின்சென்ட் டிசூசா முன்னின்று நடத்திவரும் விழாவில், கபாலீசுவரர் கோயிலின் வடக்கு மாட வீதி ஒவ்வொரு ஜனவரியிலும் கோலப் போட்டிக் களமாகிறது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கூத்தையும் பறையையும் கரகத்தையும் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டுவந்தது. இடையில் நின்றுபோய் 2023 பொங்கலில் மீண்டும் வந்தது. அவை பெரிய ஏற்பாடுகள். ஒரே வீதி, ஒரே மாலை, ஏழெட்டுக் குழுக்கள் என்ற அளவில் ஒரு சிற்றூர் தானே செய்துகொள்ளும் வழியை இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை தேதி குறிப்பது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. பங்குனி தொடங்கி ஆடி முடியும்வரை கூத்துக்காரர்களைப் பிடிப்பது கடினம். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகள் நடக்கும் காலம் அது. அவர்களுடைய பிழைப்பு நாட்களில் குறுக்கே போய் நிற்கக் கூடாது. மிஞ்சும் மாதங்களில் தையும் மாசியும்தான் தோது. அதிலும் பெரிய முகூர்த்த நாளைத் தவிருங்கள். நாதஸ்வரக்காரரும் கிடைக்கமாட்டார், வேனும் கிடைக்காது. சுவாமி புறப்பாடு இருக்கிறதா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு நெருங்கும் வாரங்களில் ஒலிபெருக்கி வைத்தால் ஊர் ஏசும். ஏசுவதில் நியாயமும் இருக்கும்.

தேதி முடிவானதும், அதே கிழமையில், அதே நேரத்தில் வீதிக்குப் போய் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்த வீதி வேறு, சனிக்கிழமை மாலை ஆறரைக்கு இருக்கும் வீதி வேறு. எந்தக் கடை எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்குகிறது, பால் வண்டி எப்போது வருகிறது, சாக்கடை மூடி எங்கே உடைந்திருக்கிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, மின்பெட்டி எங்கே, மாடு எங்கே படுக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். இந்தத் தாள்தான் பின்னால் மேடை அமைப்பவர், மின் பணியாளர், காவல் ஆய்வாளர் எல்லோரிடமும் பேசும்.

அந்தத் தாளில் நடைபாதை வியாபாரிகளின் இடங்களையும் குறியுங்கள், அழிப்பதற்காக அல்ல. விழா என்றதும் முதலில் அவர்களை அப்புறப்படுத்தச் சொல்வது நம் ஊர் வழக்கம். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது என்பது ஒருபுறமிருக்க, அவர்கள் போய்விட்டால் வீதியில் வீதியே இருக்காது. பூக்கார அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்காரட்டும்; ஓவியச் சட்டங்கள் அவரைச் சுற்றிப் போகட்டும். கடைக்காரர்களிடமும் ஒவ்வொருவராகப் பேச வேண்டும். சங்கத் தலைவர் ஒருவரிடம் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சொன்னதாகாது. “அன்னைக்கு வண்டி உள்ளே வராதுங்க, ஆனா ஜனம் வரும்” என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வாசலைத் திரைபோட்டு மறைக்கமாட்டோம் என்ற உறுதியைத்தான் அவர்கள் கேட்பார்கள். அதைக் காப்பாற்றுங்கள்.

அனுமதிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நகராட்சி அல்லது மாநகராட்சி, காவல் நிலையம், போக்குவரத்துக் காவல், தீயணைப்பு நிலையம், மின்வாரியம். ஒவ்வொன்றுக்கும் மனு, மனுவுக்கு ரசீது. ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளை மட்டும் படித்துவைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர்வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம்; வீதியின் ஒரு முனை அதற்குள் வந்தால் அந்த முனையை ஓவியத்துக்கும் கோலத்துக்கும் விட்டுவிடலாம்.

இனி நிகழ்ச்சி நிரல். பெரும்பாலான அமைப்பாளர்கள் இதை அழைப்பிதழிலிருந்து எழுதத் தொடங்குகிறார்கள்: ஐந்தரைக்கு வரவேற்புரை, ஆறுக்குச் சிறப்பு விருந்தினர், ஆறரைக்குப் பறை. இது தலைகீழ். எந்தக் கலைக்கு எது தேவையோ அதிலிருந்து நிரல் பிறக்க வேண்டும். பறைக்கு நெருப்பு வேண்டும். தோற்பாவைக்கு இருட்டு வேண்டும். கூத்துக்கு ஒப்பனை நேரம் வேண்டும். கோலத்துக்கு ஈரம் காய்ந்த தரையும் வெயில் இறங்கிய பொழுதும் வேண்டும். இந்த நான்கையும் சரியாக அடுக்கிவிட்டால் மற்றவை தாமாக இடம் பிடித்துக்கொள்ளும்.

கோலத்தில் தொடங்குவோம். மதியம் இரண்டரைக்குள் வீதியைப் பெருக்கித் தண்ணீர் அடித்துவிட வேண்டும். தார்ச்சாலையில் மண் வாசல்போல ஈரத்தில் மாவு பிடிக்காது, நனைந்து கரைந்துவிடும். தரை காய்ந்து சூடு தணிந்த நான்கு மணிதான் தோது. தாரின் சொரசொரப்பில் வெறும் அரிசிமாவு குழிக்குள் போய் மறையும் என்பதால் கல்மாவு கலந்த கோலமாவையும் வாங்கி வைத்திருங்கள். சாக்பீஸால் சதுரங்கள் குறித்து, ஆளுக்கொன்று கொடுத்து, நடுவில் நடக்க ஓர் ஆள் அகலத்துக்கு வழி விடுங்கள். சதுரத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கோலம் போடுபவர் குனிந்து நிமிரும்போது பக்கத்தில் நிற்பவர், “பதினேழு புள்ளியா, நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா” என்று கேட்பதுதான் அந்த இடத்தின் உயிர். போட்டி வைக்கிறீர்களா, சும்மா போடச் சொல்கிறீர்களா என்பது உங்கள் விருப்பம். பரிசு இருந்தால் கூட்டம் வரும், கூடவே சண்டையும் வரும்.

கோலம் நடக்கும்போதே ஓவியங்கள் வெளியே வரலாம். சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரியிலும் கும்பகோணத்துக் கல்லூரியிலும் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் கிடக்கும் படங்களைக் காட்ட இடம் தேடுபவர்கள் அங்கே உண்டு. வீதியில் சுவர் கிடையாது. சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே கட்டி, பின்னால் பழுப்புக் காடாத்துணி இழுத்தால் சுவர் ஆயிற்று. காற்றில் துணி பாய்போல உப்பும். மேலே மட்டும் கட்டாமல் கீழேயும் கட்டி, கம்பின் அடியில் மணல் மூட்டை வையுங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே இருப்பது கண்ணுக்கு இதம். குழந்தைகள் படங்களை இன்னும் இறக்கி மாட்டுங்கள்.

விளக்கில் கஞ்சம் பிடிக்கக் கூடாது, ஆனால் அள்ளிக் கொட்டவும் கூடாது. கல்யாண வீட்டு வெள்ளை ஃபோகஸ் விளக்கை நேராக அடித்தால் கண்ணாடி போட்ட படத்தில் விளக்குதான் தெரியும். மேலிருந்து சாய்வாக, மஞ்சள் கலந்த எல்இடி போதும். இருபது வாட் விளக்கு முப்பது என்றாலும் அறுநூறு வாட்தான். ஒலிபெருக்கியையும் சேர்த்து எல்லாம் மூன்று கிலோவாட்டுக்குள் அடக்கிவிடலாம். கடையிலிருந்து ஒயர் இழுப்பதற்குப் பதில் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கி, கசிவு கண்டால் துண்டிக்கும் கருவியோடு பெட்டி வையுங்கள். ஒயர் சாலையைக் கடக்க வேண்டுமானால் தலைக்கு மேலே போகட்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழில், தூரத்திலிருந்து படிக்கும் அளவில், பெயரும் விலையும் இருக்க வேண்டும். விலை எழுதாத படத்தின் விலையை யாரும் கூச்சத்தால் கேட்கமாட்டார்கள்.

பொழுது சாயும் நேரம் பறைக்கு உரியது. தை, மாசியில் ஆறு மணியை ஒட்டி இருட்டத் தொடங்கும். அதற்கு அரைமணி முன்பே குழு வீதியின் முனையில் இருக்க வேண்டும். வட்டச் சட்டத்தில் தோல் இழுத்து ஒட்டிய கருவி அது; காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். வைக்கோலோ சருகோ கொளுத்தி, அனலில் காட்டிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, தோல் இறுகிக் ‘கணீர்’ என்றதும் தோளில் மாட்டுவார்கள். இந்த நெருப்புக்கு இடத்தைத் தாளில் முன்பே குறித்திருக்க வேண்டும்: ஜவுளிக்கடை வாசலில் அல்ல, ஓவியத் துணிக்கு அருகிலும் அல்ல, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். தீயணைப்பு நிலையத்துக்குக் கொடுத்த மனுவிலும் இதைச் சொல்லியிருந்தால் கடைசி நேரத்தில் யாரும் வந்து அணைக்கமாட்டார்கள். பறை காய்ச்சுவதை மறைவில் வைக்காதீர்கள். அதைச் சுற்றித்தான் முதல் கூட்டம் கூடும். அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் கையில் ஏறியபின் மைக் தேவையில்லை. வீதியின் மறுமுனைவரை அவர்களே ஊரை அழைத்துக்கொண்டு போவார்கள்.

சிறப்பு விருந்தினரின் உரை இந்த நேரத்தில்தான் வந்து உட்காரப் பார்க்கும். விடாதீர்கள். பொழுது சாயும் அரைமணி நேரம் திரும்பக் கிடைக்காது. பொன்னாடையை எட்டு மணிக்கும் போர்த்தலாம். மேடையே போடாமல் இருந்தால் இன்னும் உத்தமம். மேடை இருந்தால் அதில் நாற்காலி வரும், நாற்காலி வந்தால் அதில் ஆள் வருவார்.

கரகம், மயிலாட்டம், சிலம்பம் எல்லாம் தரையில்தான் அழகு. ஆடுபவர்கள் வெறுங்காலோடு ஆடுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மதியம் பெருக்கியது போதாது; ஆட்டம் தொடங்குமுன் இன்னொருமுறை கண்ணாடிச் சில்லும் ஆணியும் பார்த்துப் பொறுக்க வேண்டும். இரண்டு குழுக்களின் சத்தம் ஒன்றையொன்று அடிக்காமல், ஒன்று முடியும்போது மற்றொன்று வேறு முனையில் தொடங்கட்டும். கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், கடைகளுக்கும் வியாபாரம் ஆகும்.

ஏழு மணிக்குத் தோற்பாவைக் கூத்து. ஆட்டுத்தோலில் செதுக்கி வண்ணம் தீட்டிய பாவைகளை வெள்ளைத் திரைக்குப் பின்னால் வைத்து, பின்னாலிருந்து விளக்கொளி பாய்ச்சி ஆட்டுவார்கள். ராமனும் அனுமனும் வண்ண நிழலாக வர வேண்டுமானால் திரைக்கு முன்னால் இருட்டு இருக்க வேண்டும். கடைவீதியில் இருட்டுக்கு எங்கே போவது? ஒரு சந்தைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சந்திலுள்ள ஒன்றிரண்டு தெருவிளக்குகளை முக்கால் மணி நேரம் நிறுத்தித் தர நகராட்சி மின் பணியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சந்து முனைக் கடைக்காரரிடம் பெயர்ப்பலகை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஜமுக்காளம் விரித்தால் குழந்தைகள் முன்னால் உட்கார்ந்துவிடும். சந்தின் இரு முனைகளிலும் டார்ச்சோடு ஆள் நிற்கட்டும், விளக்கை அணைத்தது நாம் என்பதால்.

கடைசியாகத் தெருக்கூத்து. விடிய விடிய ஆடுவதை ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சுருக்கச் சொல்கிறோம் என்ற கூச்சம் நமக்கு இருக்க வேண்டும். எதை வெட்டுவது என்பதைக் கூத்து வாத்தியாரிடம் விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் வாத்தியங்கள் முழங்கும் களரி கட்டுதலையும் திரைப் பிரவேசத்தையும் வெட்டச் சொல்லாதீர்கள். திரைக்குப் பின்னால் சலங்கை கேட்டு, கிரீடத்தின் நுனி தெரிந்து, வேஷம் வெளியே வருவதற்குள் இருக்கும் அந்தத் தவிப்பு இல்லாவிட்டால் அது கூத்தல்ல, உரையாடல். கர்ண மோட்சம்போல எல்லோருக்கும் தெரிந்த கதையாக இருந்தால் நடுவில் வந்து நிற்பவனுக்கும் புரியும். மர அணிகள் பூணும் கட்டை வேஷத்துக்கு அரிதாரம் பூசி, புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டி முடிக்க இரண்டு மணி நேரம்வரை ஆகும். எட்டேகாலுக்கு ஆட வேண்டுமானால் மாலை ஐந்தரைக்கே அவர்களுக்குக் காற்றோட்டமான அறை, நல்ல வெளிச்சம், கண்ணாடி, தண்ணீர், கழிப்பறை வேண்டும். பெண் கலைஞர்கள் இருந்தால் தனி அறை. வீதியிலேயே யாராவது மாடியைத் தருவார்கள், கேட்க வேண்டும். ஒன்பதரைக்குக் கூத்து முடிந்தால், பத்து மணி விதிக்கு அரைமணி கையிருப்பு.

சோற்றையும் குப்பையையும் மறக்கக் கூடாது. சுண்டல், பானகம், பணியாரம் என்று ஊர்ப் பெண்கள் குழுக்கள் கடை போடட்டும். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது. மந்தார இலைத் தொன்னையும் எவர்சில்வர் டம்ளரும் வையுங்கள், டம்ளர் கழுவ ஆள் வையுங்கள். பெண்களுக்கு நடமாடும் கழிப்பறை இல்லாவிட்டால் அவர்கள் ஏழு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு.

பணத்தை நான் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் முதலில் பேசுங்கள். கலைஞர்களிடம் நேரடியாக, குழுத்தலைவரிடம், எத்தனை பேர், என்ன சம்பளம், போக்குவரத்து யார் பொறுப்பு, இரவு எங்கே படுப்பது என்பது எல்லாம் முன்பணத்தோடு முடிவாக வேண்டும். “நல்ல விளம்பரம் கிடைக்கும்” என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிறவர்கள் ஒலிபெருக்கிக்காரரிடம் அப்படிச் சொல்வதில்லை. மீதிப் பணம் அரிதாரம் கலைக்குமுன் கைக்குப் போய்ச் சேரட்டும். கடைசிப் பேருந்து போயிருக்கும் என்பதால் வேன் ஓட்டுநரை நிறுத்தி வையுங்கள், அவருக்கும் சாப்பாடு போட்டு.

பதினொன்றுக்குள் கம்பு, துணி, ஒயர் எல்லாம் ஏற்றப்பட்டு, தூய்மைப் பணியாளர்களுக்குத் தனிக்கூலி கொடுத்து வீதியைப் பெருக்கிவிட வேண்டும். விடிகாலை நான்குக்குக் காய்கறி வண்டி வரும். அடுத்த வாரம் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, நன்கொடை தந்த ஒவ்வொரு கடையிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். டீக்கடையில் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். எந்த இடத்தில் கூட்டம் முட்டியது, எந்த ஆட்டம் எட்டவில்லை, யார் வாசலை நாம் மறைத்துவிட்டோம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.