எழுதுவதும் அழிப்பதும்

கரும்பலகையில் எழுதியதைத் துணியால் துடைத்தால் எழுத்து மறைந்துவிடுகிறது. கணிப்பொறியின் தட்டில் பதிந்த செய்தியை அழிக்கும்பொழுதும் இவ்வாறே நிகழ்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. அதனை அறிய, செய்தி தட்டில் எவ்வாறு பதிகிறது என்பதை முதலில் காணல் வேண்டும்.

கணிப்பொறிக்குத் தெரிந்த எழுத்துகள் இரண்டே: ஒன்று, சுழி. நாம் எழுதும் கட்டுரையும், கேட்கும் பாட்டும், காணும் படமும் இவ்விரண்டின் வரிசையாகவே மாற்றப்படுகின்றன. ஆகவே, இரண்டு வேறுபட்ட நிலைகளை ஏற்று அவற்றை நெடுநாள் காக்கவல்ல எப்பொருளிலும் செய்தியைச் சேமிக்கலாம்.

காந்தம் அத்தகைய பொருள். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் காந்தத் தட்டுகளால் ஆன சேமிப்புக் கருவியை வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தும், அதில் 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் கருவி அதனினும் இலட்சக்கணக்கான மடங்கு கொள்கிறது. ஆயினும் அடிப்படை ஒன்றே. சுழலும் தட்டின்மேல் மெல்லிய காந்தப் படலம் உண்டு. அதைத் தொடாமல் ஒரு நுண்ணிய முனை மிதக்கிறது. முனையில் பாயும் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால், கீழுள்ள புள்ளியின் காந்தத் திசையும் மாறுகிறது. மின்சாரம் நின்ற பின்னும் அத்திசை அப்படியே நிற்கும். அதன்மேல் மீண்டும் எழுதினால் பழைய திசை போய்ப் புதியது அமையும்.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் காந்தத்திற்கு வேலையில்லை, ஒளியே படிக்கிறது. அதில் கண்ணுக்குப் புலனாகாத குழிகள் சுருள்வரிசையில் அச்சிடப்பட்டுள்ளன. லேசர் கதிர் சமதளத்தில் பட்டால் நன்கு திரும்புகிறது. குழியில் பட்டால் திரும்பும் ஒளி குறைகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு கருவி செய்தியைப் படிக்கிறது. அச்சிட்ட குழிகளை அழித்து எழுத இயலாது. மீண்டும் எழுதத்தக்க தகடுகளில் ஓர் உலோகக் கலவை உண்டு. அதனை உருக்கி விரைவில் ஆறவிட்டால் மங்குகிறது. உருகாத அளவு சூடாக்கினால் மீண்டும் படிகமாகி ஒளிர்கிறது. அங்கே அழிப்பது வெப்பமே.

இனி நம் வினாவிற்கு வருவோம். கணிப்பொறியில் ஒரு கோப்பை நீக்குமாறு ஆணையிட்டால், காந்தத் தட்டில் பெரும்பாலும் அதன் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. நூலகத்தின் அட்டவணைச் சீட்டைக் கிழித்தெறிந்தாலும் நூல் அலமாரியிலேயே இருக்குமன்றோ? அதுபோல், அவ்விடத்தில் வேறு செய்தி எழுதப்படும்வரை பழைய செய்தி அங்கேயே கிடக்கும்.

இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஆண்டு முழுதும் உழைத்து எழுதிய ஆய்வேட்டைத் தவறுதலாக நீக்கிய மாணவர், உடனே அத்தட்டில் வேறெதுவும் எழுதாமல் நிறுத்தினால், தேர்ந்தவரைக் கொண்டு மீட்கக்கூடும். காந்தத் தட்டுள்ள பழைய கணிப்பொறியை விற்பவரோ, தம் கடிதங்களும் கணக்குகளும் நீங்கிவிட்டன என்று நம்பி ஏமாறலாம். விற்குமுன் தட்டு முழுவதிலும் வேறு செய்தியை எழுதிவிடுவதே தக்க காப்பாகும். கண்ணுக்கு மறைந்தது வேறு, அழிந்தது வேறு என்பதை நினைவிற் கொள்க.