புல்லை நறுக்குங்கள், பொடியாக்காதீர்கள்

"பால் தண்ணியா இருக்கே, கலந்துட்டீங்களா?" என்று கேட்டால் மாடு வளர்க்கிறவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். பாலில் கலப்படம் இல்லையென்றால், தொட்டியில் போட்ட தீவனத்தைப் பாருங்கள். கோளாறு அங்கே இருக்கலாம்.

சிங்கப்பூர்த் தேக்காவுக்கும் மாட்டுக்கும் பழைய உறவு. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைப் பட்டி. பஃபலோ சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. கிளமெண்டி இன்று அடுக்குமாடி ஊர்; அங்கே பசு கத்துகிற சத்தம் கேட்காது. ஆனால் பாலம் தாண்டி, தோட்டத்து லயத்தின் பின்னால் இரண்டு மாடு கட்டியிருக்கும் குடும்பத்துக்கு இது பிழைப்புச் சங்கதி.

பசுவின் வயிற்றில் நாலு அறை. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்க வைக்கின்றன. பசு அசை போடப் போட எச்சில் ஊறும். பெரிய கறவைப் பசு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும். அதில் சோடா உப்பு இருக்கிறது. வயிற்றுப் புளிப்பை அடக்குவது அதுதான்.

தீவனத்தை மாவாக அரைத்துப் போட்டால் என்ன ஆகும்? மாடு மெல்லாது, எச்சில் குறையும், வயிறு புளிக்கும். தீவனமும் முழுதாகச் செரிக்காமல் சீக்கிரம் வெளியே போய்விடும். நாரிலிருந்து வரும் சத்துதான் பாலில் கொழுப்பாகிறது. அது குறைந்தால் பாலும் தண்ணியாகிவிடும்.

அதற்காக முற்றின யானைப்புல்லை முழுசாக வீசவும் கூடாது. மாடு இலையைப் பொறுக்கிக்கொண்டு தண்டை மிதித்துவிடும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் அறுத்து, ஓரிரண்டு அங்குலமாக நறுக்கிப் போடுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் வெட்டி விழுந்த மட்டையும் தீவனம்தான். 1969-ல் அமைந்த மார்டி, மலேசிய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறது. மட்டையைச் சிறுசாக நறுக்கி, மற்ற தீவனத்தோடு கலந்து கொடுக்க வேண்டும். மருந்து தெளித்த இடத்து மட்டையும் புல்லும் வேண்டவே வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மத்தியானம் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட வேண்டும். ஒரே மாடுதான் என்றால் நாலைந்து தரம் போய்ப் பாருங்கள். சாணி தண்ணியாக, நுரையாகப் போனால் தவிடு, புண்ணாக்கைக் குறைத்து, நீளமான புல்லையும் வைக்கோலையும் கூட்டுங்கள். தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அசை போடுவதையே நிறுத்திவிட்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.