கேட்காமலே சொல்லிவிடும் கண்

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவரின் கண்ணைக் கவனியுங்கள். கருவிழி மெல்ல ஒரு பக்கம் நகரும், வெடுக்கென்று திரும்பும், மறுபடி நகரும். அவருக்கே அது தெரியாது.

இதைவிடத் துரிதமான அனிச்சையும் உண்டு. எதிரே விரிந்த காட்சி முழுவதும் சட்டென்று நகர்ந்தால், சுமார் 50 மில்லி செகண்டில் குரங்கின் கண் அதன் பின்னால் ஓடத் தொடங்குகிறது. 1986-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று இதை விரிவாக அளந்தது. மனிதருக்கு 80-ஐ ஒட்டி ஆகும். 'நகர்ந்தது' என்று நாம் பொத்தானை அழுத்த 200-க்கு மேல் பிடிக்கும்.

அசைவைக் கண்டுணரும் மூளைப் பகுதியை எம்.டி. என்பார்கள். 1990-ல் குரங்குகளுக்கு அங்கே நுண்மின்சாரம் செலுத்தியபோது, திரையில் காட்டிய புள்ளிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்ற அவற்றின் தீர்ப்பே சாய்ந்தது. அந்த வட்டாரம் பழுதானால் மேலே சொன்ன அனிச்சையும் மந்தமாகிவிடும். நம் உணர்வும் விழியின் ஓட்டமும் ஒரே ஊற்றில் தண்ணீர் எடுக்கின்றன.

என்னை உறுத்துவது இனிமேல் வருவதுதான். இடக்கண்ணுக்கு இடப்பக்கம் ஓடும் கோடுகளையும், வலக்கண்ணுக்கு வலப்பக்கம் ஓடும் கோடுகளையும் காட்டினால் இரண்டும் கலந்து தெரியாது. சில நொடி இது, சில நொடி அது. இந்த நொடியில் எது தெரிகிறது? வாய் திறக்க வேண்டாம், விழி நகரும் திசையே சொல்லிவிடும். பேச முடியாத குரங்கிடம் இப்படித்தான் பதில் வாங்கினார்கள். 2014-ல் மனிதரிடமும் இதே உத்தியைக் கையாண்டார்கள். கண் தெரியவில்லை என்று பொய்யாகச் சாதிப்பவர் முன்னால் மருத்துவர் கோடு போட்ட உருளையைச் சுழற்றுவதும் இதே கணக்கில்தான். விழி ஆடினால் குட்டு வெளிப்பட்டது.

உணர்வும் விழியசைவும் சில சோதனைகளில் தனித்தனி வழி போகின்றன என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

இன்று விளையாட்டுக்காகத் தலையில் மாட்டும் சில ஹெட்செட்டுகளுக்குள் கண்ணை நோக்கி அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. எங்கே பார்க்கிறோம் என்பதை அறிய என்று காரணம் சொல்வார்கள். ஆனால் பின்னணியில் எதை நகர்த்துவது என்பதும் அதே கருவியின் கையில். கேள்வியும் அதனுடையது, பதிலைக் குறித்துக்கொள்வதும் அதுவே. நடுவில், கேள்வி கேட்கப்பட்டதே நமக்குத் தெரியாது. 'அனுமதிக்கிறேன்' என்று ஒருமுறை தட்டியது இதற்கெல்லாம் சேர்த்தா? பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் எத்தனை பெற்றோர் இதை யோசித்திருப்பார்கள்?

தப்பிக்க ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. நகராத புள்ளி ஒன்றை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், கோடுகளின் பின்னால் விழி ஓடுவது பெருமளவு அடங்கும். ஆனால் காசு கொடுத்து விளையாட்டு வாங்கியவர் யார் அப்படி உட்கார்ந்திருப்பார்?