தேரைத் திருப்பும் கட்டை

நற்செயல் ஒன்றைத் தடுப்பவனைக் குறித்து, "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் குறை கூறுகிறோம். தேரோட்டத்தை அருகிருந்து பாராதவர்கள் உண்டாக்கிய வழக்கு இது என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் காஞ்சிபுரத்தில் வைகாசிப் பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாள் வரதராஜப் பெருமாள் தேரில் எழுந்தருளுகிறார். வடம் பிடிப்போர் பெருங்கூட்டம். ஆனால் தேர் எப்பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள், சக்கரங்களின் அருகே குனிந்தபடி நடக்கும் ஒரு சிலரே. அவர்கள் கையிலுள்ள கட்டை தேய்ந்தோ பிளந்தோ போனால், அதற்குப் பதிலாக வேறொன்றை எவ்வாறு தெரிந்தெடுப்பது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. பொருள் சிறிதுதான், ஆயினும் கட்டை நழுவினால் முதலில் நசுங்குவது அதை வைத்தவருடைய கை என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மோட்டார் வண்டியில் முன்சக்கரங்கள் இடமும் வலமும் திரும்புகின்றன. தேரில் அவ்வாறில்லை. அச்சுகள் அடிச்சட்டத்தோடு இறுகப் பொருந்தியவை. முன்னே பாய்கின்ற மரக்குதிரைகளோ அலங்காரத்திற்கு நிற்பவை. வடங்களுள் ஒன்றைச் சற்று வலிந்து இழுப்பதால் தேர் சிறிதே முகம் மாறும். மற்ற வேலையெல்லாம் கட்டையினுடையது. வலப்புறச் சக்கரத்தின் முன் கட்டையை வைத்தால் அச்சக்கரம் தயங்குகிறது, இடப்புறச் சக்கரம் முந்துகிறது, தேர் வலப்பக்கம் திரும்புகிறது. கைகோத்து நடக்கும் இரு சிறுவருள் ஒருவன் நின்றுவிட்டால் மற்றவன் அவனைச் சுற்றி வருகிறான் அன்றோ? வகுப்பில் இதனை நான் அப்படித்தான் நடத்திக் காட்டுவேன். பிள்ளைகள் மறப்பதில்லை.

பழைய கட்டை போதவில்லை என்றால், உயரமான கட்டையைச் செய்வோம் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. சக்கரத்தின் விட்டம் 6 அடி என்று கொள்வோம். அதன் எதிரே செங்குத்தான முகமுடைய 3 அங்குலக் கட்டை இருக்கிறது. சக்கரத்தின் மேல் நிற்கும் சுமை 100 பங்கானால், அச்சின் மட்டத்தில் ஏறக்குறைய 44 பங்கு விசையோடு இழுத்தால் சக்கரம் அதை ஏறிக் கடக்கும். கட்டையின் உயரத்தை 6 அங்குலமாக்கினால் வேண்டும் விசை 66 பங்கு. உயரம் இருமடங்காயிற்று, தடை ஒன்றரை மடங்கே ஆயிற்று. தீங்கோ அதனினும் மிகுதி. சக்கரங்களுக்கிடையே 9 அடி அகலமும் 54 அடி உயரமும் உள்ள தேர் ஒருபக்கம் 6 அங்குலம் எழும்பினால், அதன் உச்சி 3 அடி சாய்ந்துவிடும். பிறகு சக்கரம் மறுபுறம் தொப்பென்று விழும்போது ஏற்படும் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலின் உயரத்தைவிட முகத்தின் சரிவையே முதலில் நோக்க வேண்டும். சரிவு மென்மையாக இருந்தால் சக்கரம் சற்றே தயங்கி ஏறிக் கடக்கும். போக்கைச் சிறிது மாற்றுவதற்கு இதுவே போதும். முகம் செங்குத்தாக இருந்தால் சக்கரம் ஏறாது, கட்டையையே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். நிறுத்துவதற்கு இது வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே கட்டை போதும் என்று எண்ணுவது சிக்கனமன்று. நிறுத்தும் கட்டையின் முகத்தைச் சக்கரத்தின் வளைவுக்கேற்பச் சிறிது குழிவாக இழைத்தால், சுமை ஒரு கோட்டில் மட்டும் விழாமல் பரவி நிற்கும், மரம் நசுங்காது. அடிப்பாகம் தெருவைப் பற்ற வேண்டும். முன்னாளில் வீதிகள் மண்ணாக இருந்தன; கட்டை தானே மண்ணில் பதிந்துகொண்டது. தாரும் சிமெண்டும் இட்ட வீதியில் அது வழுக்கும். சித்திரை, வைகாசிகளில் வழிநெடுகத் தண்ணீர் தெளிப்பதும் வழக்கம். எனவே அடியை வழவழப்பாக இழைக்காமல் சொரசொரப்பாகவே விடுவது நன்று.

மரத்தில் புளிக்கு நிகர் அரிது. அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளவாது. இறைச்சிக் கடையில் வெட்டுக்கட்டையாக நாள்தோறும் அடிவாங்குவதும் இம்மரந்தானே! நார் ஓட்டம் கட்டையின் நீளவாக்கில் செல்லுமாறு அறுக்க வேண்டும். குறுக்காக அறுத்தால் மெல்லிய முனை முதல் நெரிசலிலேயே உடைந்துவிடும். பச்சை மரத்தில் செய்தால் காயும்போது வெடிக்கும். கணு உள்ளதை நீக்கிவிட வேண்டும். நீண்ட கைப்பிடி ஒன்று இன்றியமையாதது. அதனால் கட்டை கனக்கிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்தக் கனத்தை விரல்களுக்குக் கொடுக்கும் காவல்கூலி என்று நான் கருதுகிறேன்.

இனி, மிகவும் கவனிக்க வேண்டிய ஒன்று. நேர்வீதியிலேயே தேர் அடிக்கடி ஒருபக்கம் இழுக்கிறது, அதற்காக ஓயாமல் கட்டை போட வேண்டியிருக்கிறது என்றால், குறை கட்டையில் இல்லை. சக்கரத்தின் குடம் தேய்ந்திருக்கலாம். ஒருபக்கத்து அச்சில் மசகு வறண்டிருக்கலாம். இரும்புப் பட்டை தளர்ந்திருக்கலாம். மலைப்பாதைகளில் ஓடும் ஜீப்புகளிலும் இதே செய்தியைக் காணலாம். அவற்றுட் சிலவற்றில், திசைமாற்றும் தண்டோடு எண்ணெய் நிரப்பிய குழல் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். கல்லில் மோதும்போது சக்கரத்தில் எழும் உதறல் ஓட்டுநரின் கையை எட்டாமல் தணிப்பது அதன் வேலை. மூட்டுகள் தேய்ந்து வண்டி ஆடத் தொடங்கியதும், இன்னும் விறைப்பான குழலை வாங்கி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஆட்டம் மறைகிறது, தேய்வு வளர்கிறது. குழலின் நீளத்தையும் ஒத்துப்பார்க்க வேண்டும்: சக்கரம் இருபுறமும் முழுதாகத் திரும்பும்போது, குழல் முட்டி நிற்கலாகாது.

இரும்புச் சக்கரங்கள் வந்த பின்னும் கட்டைக்கு வேலை குறையவில்லை. 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் நீரழுத்தப் பிரேக்கையும் செய்து கொடுத்திருக்கிறது. அத்தேரும் புளியங்கட்டைகளை நம்பியே வீதிவலம் வருகிறது. அவை நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கின்றன. வீதிமுனைகளில் சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடுகளை இட்டு, அவற்றின்மேல் மசகு தடவி, தேரை வழுக்கித் திருப்புகிறார்கள். ஓரிடத்தில் உராய்வைக் கூட்டுவதும் மற்றோரிடத்தில் அதைக் குறைப்பதுமாகிய இருவகை உபாயமும் ஒரே தேரில் அமைந்திருப்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர்கள் நேரிற் சென்று காண வேண்டும்.

புதுக் கட்டைகளைத் திருவிழா நாளன்று முதன்முதலாகச் சக்கரத்தின் கீழ் வைத்துப் பார்க்கலாகாது. சக்கரமோ அச்சோ மாற்றியபின் வெள்ளோட்டம் விடும்போதே, கூட்டமில்லாத வீதியில், அவற்றை வைக்கப்போகிற ஆட்களின் கையிலேயே கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய கட்டையைத் திருப்பிப் போட்டு மறுமுறை பயன்படுத்தாமல், அன்றே அடுப்புக்கு அனுப்பிவிடுவது நலம்.