பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் வீடியோ டேப்

கணினியில் உள்ள ஏதாவது ஒரு பழைய பாட்டுக் கோப்பின் விவரத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் 44,100 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். ஒரு நொடிப் பாட்டை அத்தனை முறை அளந்திருக்கிறார்கள். ரவுண்டாக 40,000, 45,000 என்று வைத்திருக்கக் கூடாதா?

மைக்கிலிருந்து கம்பி வழியே வருவது ஏறி இறங்கும் மின்னழுத்தம், விட்டுப்போகாத ஓர் அலை. அதைச் சீரான இடைவெளியில் தொட்டு, அந்தக் கணத்தின் உயரத்தை எண்ணாகக் குறித்துக்கொள்வதுதான் டிஜிட்டல் பதிவு. சிடியில் ஒவ்வோர் எண்ணும் 16 பிட். அதாவது, 65,536 படிகளில் எது நெருக்கமோ அது. படிகளுக்கு நடுவே விழும் மிச்சம் மெல்லிய இரைச்சலாகத் தங்கிவிடும்.

பழைய படங்களில் ஓடும் குதிரை வண்டியின் சக்கரம் திடீரென்று பின்பக்கமாகச் சுழலும், கவனித்திருப்பீர்கள். நொடிக்கு 24 படம் எடுக்கும் கேமரா அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஏமாறுகிறது. ஒலியிலும் இதே கோளாறுதான். 44,100 முறை அளக்கும் கருவியிடம் 30,000 ஹெர்ட்ஸ் அதிர்வைக் கொடுத்தால் 14,100 என்று எழுதி வைக்கும். காதுக்கே எட்டாதது, கேட்கும் கீச்சொலியாகிவிடும்! அதனால் அளப்பதற்கு முன்பே உயர் அதிர்வுகளை வடிகட்டிவிடுவார்கள். எஞ்சியதில் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் அலையை முழுசாக மீட்கலாம். 1949-ல் கிளாட் ஷானன் இதைக் கணிதமாகவே நிறுவினார். டிஜிட்டல் ஒலி வழுவழுப்பான அலையல்ல, வெட்டி வெட்டி வைத்த படிக்கட்டு என்று இன்னமும் குறைசொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். இரு மடங்கு 40,000. வடிகட்டி கத்திபோல் சட்டென்று வெட்டாது, கொஞ்சம் சரிவு வேண்டும். அதற்காகச் சில ஆயிரம் கூடுதல். சரி, அது ஏன் கச்சிதமாக 4,100?

1970-களின் கடைசியில் இவ்வளவு எண்களைக் கொட்டிவைக்க ஹார்ட் டிஸ்க் கட்டுப்படியாகாது. கைக்கு எட்டியது வீடியோ ரெக்கார்டர். எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, டிவி படம்போல டேப்பில் பதிந்தார்கள். திரையின் ஒரு வரிக்கு 3 அளவுகள். அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையில் நொடிக்கு 60 அரைப்படங்கள், ஒவ்வொன்றிலும் பயன்படுத்திய வரிகள் 245. பெருக்கிப் பாருங்கள்: 44,100. ஐரோப்பிய முறையில் 50 அரைப்படங்கள், 294 வரிகள். அதுவும் 44,100!

1982-ல் சோனியும் பிலிப்ஸும் சிடியைக் கடைக்குக் கொண்டுவந்தபோது இந்த எண்ணும் ஒட்டிக்கொண்டு வந்தது. வேடிக்கை என்னவென்றால், டிஜிட்டல் வீடியோக்காரர்கள் இதை வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் 48,000-க்குப் போய்விட்டார்கள்.