கோட்டில் இரண்டு, நிலத்தில் ஒன்று

நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள், ஊருக்கு வெளியே கம்பி வேலியிட்ட விசாலமான மைதானம் ஒன்றில், இரும்புச் சட்டங்களும், வளையம் வளையமாக அடுக்கிய பீங்கான் தூண்களும், அத்தூண்களின்மேல் நெடுகக் கிடத்திய அலுமினியக் குழாய்களுமாக நிற்கும் துணை மின்நிலையத்தைக் கண்டு, இவ்வளவு சிக்கலை எதற்காக உண்டாக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் வியந்து, மறு கணம் அதை மறந்துபோவது இயல்பே. ஆனால் அம்மைதானத்தில் எதுவும் தற்செயலாக நிற்கவில்லை. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே விட்டிருக்கும் வெற்றிடம் உட்பட, அங்குள்ள யாவும் ஒரே ஒரு கேள்விக்கு விடையாக அமைந்தவை: ஓர் அங்கம் பழுதுபட்டால், அதனோடு சேர்ந்து எத்தனை அங்கங்கள் அணையலாம் என்பதே அக்கேள்வி.

அந்த அலுமினியக் குழாய்களுக்குப் பஸ்பார் என்று பெயர். நாம் ஏறிப் போகும் பஸ்ஸும் இந்தப் பஸ்பாரும் ஒரே சொல்லின் வழிவந்தவை. 'எல்லாருக்கும்' என்று பொருள்படும் ஆம்னிபஸ் என்னும் லத்தீன் சொல்லின் வால்தான் இரண்டிலும் எஞ்சி நிற்கிறது. தூரத்து மின் உற்பத்தி நிலையங்களிலிருந்து வந்து சேரும் லைன்களும், அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர்களும், ஊர்களை நோக்கிப் புறப்படும் லைன்களும் ஒன்றையொன்று தனித்தனியே தேடி அலையாமல், எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்தில் கூடிப் பிரிவதற்காக ஏற்பட்டதே பஸ்பார். எல்லாரும் கூடுமிடம் என்பதே அதன் பெருமை. அங்கே ஒரு பிழை நேர்ந்தால் எல்லாருக்கும் நேர்ந்தது என்பதே அதன் அபாயம்.

இதன் அமைப்பு விளங்க இரண்டு சாதனங்களை அறிந்தால் போதும். ஒன்று பிரேக்கர்: மின்னோட்டம் பிழையால் பன்மடங்கு பெருகி ஓடும்போதும்கூட, நடுவே எழும் தீப்பொறியை அணைத்து அதைத் துண்டிக்க வல்லது. மற்றொன்று ஐசோலேட்டர்: ஓடிக்கொண்டிருக்கும் பெரு மின்னோட்டத்தை அறுக்கும் வல்லமை இதற்கு இல்லை, பிரேக்கர் முதலில் அறுத்த பிறகே இதைத் திறக்க வேண்டும். அப்படியானால் இது எதற்கு என்று கேட்கலாம். பிரேக்கர் தன் வேலையை மூடிய கலத்துக்குள் செய்வதால், அது திறந்ததா இல்லையா என்று கண் அறியாது. ஐசோலேட்டரின் கத்திகளோ வானத்தின் பின்னணியில் விலகி நிற்பது பிரத்தியட்சமாகத் தெரியும். லைன் கிளியர் என்னும் பணி அனுமதியை வாங்கிக்கொண்டு பழுது பார்க்கப் போகிற தொழிலாளி தன் உயிரை ஒப்படைப்பது, கண்ணால் கண்ட அந்த இடைவெளியிடமும், அதற்கப்பால் தரையோடு இணைத்துவிட்ட எர்த் ஸ்விட்சிடமும்தான்.

இனிப் பஸ்பார்களை எவ்விதம் அமைப்பது என்பதைப் பார்ப்போம். ஒரே பஸ்பாரை நிறுத்தி, எல்லா லைன்களையும் ஆளுக்கு ஒரு பிரேக்கர் மூலம் அதில் இணைப்பது மிக எளியது, சிக்கனமானதும் கூட. ஆனால் அந்தப் பஸ்பாரில் ஒரு பீங்கான் உடைந்தாலும் நிலையம் முழுவதும் இருளும். அதை நடுவே ஒரு பிரேக்கரால் இரண்டு பகுதிகளாகப் பிரித்தால், ஒரு பாதி போனாலும் மறு பாதி பிழைக்கும். பிரேக்கர்களுக்கே அவ்வப்போது பராமரிப்பு வேண்டியிருப்பதால், அப்போது அந்த லைனைத் தாங்கிக்கொள்ள மாற்றுப் பஸ்பார் ஒன்றையும் அதற்கென்று ஒரு பிரேக்கரையும் கூடுதலாக வைப்பது மற்றொரு முறை. இன்னும் ஒரு படி மேலே போய், சம அந்தஸ்துள்ள இரண்டு பஸ்பார்களை நிறுவி, ஒவ்வொரு லைனையும் இரண்டு ஐசோலேட்டர்கள் வழியாக இதிலோ அதிலோ விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளும்படி செய்வது உண்டு; இரண்டையும் இணைக்கும் கப்ளர் பிரேக்கரை மூடி வைத்துக்கொண்டு, ஊரில் ஒரு விளக்கும் சிமிட்டாமல், ஒரு லைனை ஒரு பஸ்பாரிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடலாம்.

இந்தியாவில் 400 கிலோவோல்ட், 765 கிலோவோல்ட் நிலையங்களில் பெரிதும் கையாளப்படுவது இவற்றினும் உறுதியான ஒரு முறை. இரண்டு பஸ்பார்களுக்கு நடுவே மூன்று பிரேக்கர்களை வரிசையாகக் கோத்து, அவற்றின் இரண்டு இடைவெளிகளிலிருந்தும் இரண்டு லைன்களைப் புறப்படச் செய்கிறார்கள். இரண்டு லைன்களுக்கு மூன்று பிரேக்கர்கள், அதாவது ஆளுக்கு ஒன்றரை என்பதால் இதற்கு ஒன்றரை பிரேக்கர் முறை என்றே பெயர். இதில் ஒரு பஸ்பார் முற்றிலும் செயலற்றுப் போனாலும் ஒரு லைனும் அணைவதில்லை. இரண்டு பஸ்பார்களும் ஒருசேரப் போனாலும்கூட, உள்ளே வரும் லைனும் வெளியே செல்லும் லைனும் ஒரே வரிசையில் ஜோடியாக இருந்தால், நடுப் பிரேக்கரின் வழியாக மின்சாரம் தொடர்ந்து செல்லும். எந்த லைனை எந்த லைனோடு ஜோடி சேர்ப்பது என்பது, ஆகவே, அலட்சியமாகத் தீர்மானிக்கக்கூடிய விஷயம் அன்று.

பஸ்பாரில் பிழை நேர்ந்ததை எவ்விதம் அறிகிறார்கள்? ஜெர்மானியரான குஸ்தாவ் கிர்க்காஃப், மாணவராக இருந்தபோதே, 1845இல் வெளியிட்ட நியதி ஒன்றே இன்றும் அதற்கு ஆதாரம்: ஒரு சந்திப்பில் வந்து சேரும் மின்னோட்டமும் விட்டுச் செல்லும் மின்னோட்டமும் சமமாக இருந்தாக வேண்டும். கூட்டிப் பார்க்கும்போது கணக்கு உதைத்தால், இடையில் எங்கோ மின்சாரம் தவறான வழியில் ஒழுகுகிறது என்று பொருள். 400 கிலோவோல்ட் நிலையத்தில் இந்தக் கணக்கைப் போட்டு, தீர்ப்புச் சொல்லி, அந்தப் பஸ்பாரைச் சேர்ந்த எல்லாப் பிரேக்கர்களையும் திறந்து முடிப்பதற்கு, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கே அவகாசம்.

இத்தனை முன்யோசனையும் ஒரு நண்பகலில் பயனற்றுப் போன கதையை இத்துறையினர் எவரும் மறப்பதற்கில்லை. 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி, பகல் 12.30 மணிக்கு, ஸ்வீடனின் கிழக்குக் கரையிலுள்ள ஆஸ்கர்ஷாம் அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலை, வால்வுப் பழுது ஒன்றினால் நின்றுபோக, சுமார் 1,200 மெகாவாட் மின்சாரம் குறைந்தது. இது எதிர்பாராததன்று, இவ்வளவு பெரிய இழப்பு ஒன்றைத் தாங்கிக்கொண்டு, 15 நிமிடங்களுக்குள் மறுபடியும் நிதானத்துக்கு வரும்படியாகவே அந்நாட்டு மின்தொகுப்பு அமைந்திருந்தது. ஆனால் ஐந்தே நிமிடங்களில், மேற்குக் கரையில் ஹொர்ரெட் என்னும் இடத்திலுள்ள 400 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தில், ஐசோலேட்டர் ஒன்றின் இணைப்பு சூடேறிச் சிதைந்து, அதன் கட்டுமானம் சரிந்து விழுந்தது. அந்நிலையத்தில் இரண்டு பஸ்பார்கள் உண்டு. ரிங்ஹால்ஸ் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளை ஆளுக்கு ஒரு பஸ்பாரில் இணைத்திருந்ததன் நோக்கமே, ஒன்று போனால் மற்றொன்று பிழைக்கவேண்டும் என்பதுதான். சரிந்த ஐசோலேட்டரோ, மற்றப் பஸ்பாரைச் சேர்ந்த பக்கத்து ஐசோலேட்டரின் திசையில் விழ, இரண்டு பஸ்பார்களுக்கும் இடையே மின்வில் எழுந்தது. காவல் சாதனங்கள் தம் கடமையைப் பிழையின்றிச் செய்தன. இரண்டு பஸ்பார்களையும் துண்டித்தன. இரண்டு உலைகளும் நின்றன. மேற்குக் கரையின் மின்வழியும் அறுந்தது. எஞ்சிய லைன்களால் பாரம் தாங்க முடியாமல், ஏறக்குறைய 90 விநாடிகளில் மின்னழுத்தம் குலைந்து, தெற்கு ஸ்வீடனும், கோபன்ஹேகன் நகரம் உட்பட டென்மார்க்கின் கிழக்குப் பகுதியும் மின்சாரம் இழந்தன. சுமார் 40 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள்.

எல்லா லைன்களையும் ஒற்றைக் கோடுகளாக வரையும் படத்தில், ஹொர்ரெட்டின் இரண்டு பஸ்பார்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நேர்கோடுகள். நிலத்தில் அவை, சரியும் ஓர் இரும்புக் கட்டுமானம் எட்டிவிடக்கூடிய தூரத்தில் இருந்தன. ஒரு லைனை இரு பஸ்பார்களுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதிக்காக அருகருகே வைக்கும் ஐசோலேட்டர்களே, இரண்டு தனி ஏற்பாடுகளும் ஒன்றையொன்று தொடத்தக்க இடமாகவும் ஆகிவிடுகின்றன. எத்தனை பஸ்பார், எத்தனை பிரேக்கர் என்று எண்ணிக்கை வைப்பதோடு வடிவமைப்பு முடிந்துவிடுவதாக நினைப்பது தவறு. அது நிலத்தில் இறங்கி நிற்கும்போதுதான் மெய்யாகத் தொடங்குகிறது.

நிலம் கேட்கும் கணக்குகளும் சாமானியமானவை அல்ல. 40,000 ஆம்பியர் பிழை மின்னோட்டம் பாயும்போது, அதன் முதல் அலையின் உச்சம் ஒரு லட்சம் ஆம்பியரை எட்டும், அப்போது 4.5 மீட்டர் இடைவெளியில் கிடக்கும் இரண்டு குழாய்கள், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய 45 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு ஒன்றையொன்று உந்தும். மின்னோட்டம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பீங்கான் தூண்கள் அந்த ஒரு கணத்துக்காகவே பல்லாண்டு பலத்தோடு காத்து நிற்கவேண்டும். வெயிலிலும் மின்னோட்டத்திலும் 40 டிகிரி சூடேறினால் 10 மீட்டர் அலுமினியக் குழாய் 9 மில்லிமீட்டர் நீளும். நீள இடங்கொடாவிட்டால் அதைத் தாங்கும் தூணையே தள்ளும். ஆகவே ஒரு முனையை இறுக்கி, மறு முனையை நகர விட்டுப் பொருத்துகிறார்கள். காற்றில் குழாய் அதிர்ந்து களைத்துவிடாமல் இருக்க, அதனுள்ளே ஒரு கம்பித் துண்டைச் சும்மா கிடத்தி வைப்பதும் உண்டு.

எல்லாவற்றினும் விலை உயர்ந்தது வெற்றிடமே. நம் நாட்டு மின்சார விதிகளின்படி, 400 கிலோவோல்ட் நிலையத்தில் மின்னேறிய பாகம் தரையிலிருந்து குறைந்தது 8 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். பணியாளர் நின்று வேலை செய்யும் இடத்துக்கும் அண்டையிலுள்ள மின்னேறிய பாகத்துக்கும் நடுவே குறைந்தது 6.5 மீட்டர் இருக்கவேண்டும். 33 கிலோவோல்ட்டில் அவை முறையே 3.7 மீட்டரும் 2.8 மீட்டரும் ஆகும். மின்சாரம் காற்றைத் தாண்டாமலிருக்க வேண்டிய தூரத்தோடு, கையை உயர்த்தி நிற்கும் ஒரு மனிதனின் உயரத்தையும் கூட்டிப் பெற்ற அளவு இது. நிலத்தின் விலையை எண்ணி அந்த வெற்றிடத்தைச் சுருக்க எவருக்கேனும் மனம் வருமானால், அந்தக் கூட்டலில் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை அவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒற்றைக் கோட்டுப் படத்தை வரைந்து முடித்த பொறியாளர், அதை மடித்து வைக்குமுன் நிலத்தின் படத்தை எதிரே விரித்து, ஒவ்வொரு ஐசோலேட்டரின்மேலும் ஒவ்வொரு தூணின்மேலும் விரலை வைத்து, இது விழுந்தால் எதன்மேல் விழும் என்று கேட்டுக்கொள்வாரானால், கோட்டில் இரண்டாக இருப்பது நிலத்திலும் இரண்டாகவே இருக்கும்.